மாறி வந்த மேசை

லிஃப்ட் ஓடவில்லை. கதவில் 'பராமரிப்பு' என்று ஓர் அட்டை தொங்கியது.

அவள் நனைந்த குடையை மடக்கிக்கொண்டாள். தோளில் கண்ணாடிப் பெட்டி. போக வேண்டியது நாலாவது மாடி. ஏறினாள்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுதான் இருந்தது. அந்த இருட்டுக்குள்ளிருந்து, தரை மட்டத்தில், ஒரு தலை எழுந்தது. நெற்றியில் கிரீஸ்.

"கிட்ட வராதீங்க."

"நான் ஏன் கிட்ட வரப்போறேன்?"

"எத்தனாவது மாடி?"

"நாலு. நீங்க கேள்வி கேக்குற நேரத்துல இதைச் சரி பண்ணியிருந்தா, நான் இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்."

"சரியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்தீங்க... கவனம் செதறிருச்சு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிர், என்று நினைத்தாள். மிச்சமிருந்த படிகளைக் கொஞ்சம் வேகமாகவே ஏறினாள். காது சுட்டது.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கண் ஆபரேஷன் முடிந்து வெளியே வர முடியாதவர்களுக்கு, வீட்டுக்கே போய்க் கண்ணாடியைப் பொருத்திக் கொடுப்பதும் அவள் வேலை. அன்றைக்கு ஒரு பெரியவர். கதவைத் திறந்தவர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து வந்து மேசையருகே உட்கார்ந்தார்.

கண்ணாடியை மாட்டினாள். மூக்கில் உட்காரும் இடத்தைச் சற்று விரித்தாள். காதுப் பக்கம் வளைத்தாள்.

"பாப்பா, இப்பத்தான் உன் முகம் தெரியுது."

"எப்படி இருக்கேன் சார்?"

"மழையில நனைஞ்சு இருக்க."

சிரித்தபடி கருவியைத் திருப்பினாள். கைதவறி ஒரு ஸ்க்ரூ உருண்டது. மேசை விளிம்பு வரை ஓடி நின்றது. எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

விளிம்பருகே ஒரு தீய்ந்த தடம். இஸ்திரிப் பெட்டியின் தடம். நுனி மட்டும் இடது பக்கம் மழுங்கியிருந்தது. அவள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கும் நுனி உடைந்திருந்தது. அவளுக்குத் தெரியும். பதினொரு வயதில், அம்மாவின் சேலையைத் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தவள் அவள்தான்.

"சார்... இந்த மேசை எங்க வாங்கினது?"

"வாங்கலம்மா. வந்தது."

"ஏன், பிடிச்சிருக்கா?" பின்னாலிருந்து ஒரு குரல். கிரீஸ் நெற்றி வாசலில் நின்றது. அவன் வீடு இதுதான் போலிருக்கிறது.

"இது எங்க மேசை," என்றாள்.

அவன் ஆச்சரியப்படவில்லை. கை துடைத்த துணியைக் கீழே போட்டான்.

"அப்ப எங்களோட மேசை?"

"எங்க வீட்ல இருக்கு."

பெரியவர் புதுக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். இந்தக் கேள்வி இந்தப் பதிலைச் சேரப் பதினேழு வருடமாகியிருந்தது.

*

அப்பா போனபோது அவளுக்குப் பத்து வயது. அம்மாவுக்கு வேலை இல்லை. ஊரில் அம்மாவுக்கு மூன்று தோழிகள் இருந்தார்கள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், இன்னொருத்தி டைப் பள்ளிக்கூடம் வைத்திருந்த நெட்டை. மூவரும் அவரவர் வேலை முடிந்து நேரே இந்த மேசைக்கு வந்துவிடுவார்கள். ஒரு வருடம், ஒரு நாள் விடாமல். டீச்சர் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். நெட்டை டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். நர்ஸுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை. அம்மா அழ ஆரம்பித்தால், "அழுது முடிச்சுட்டு அஞ்சாவது கணக்கைப் போடு" என்று சொல்வதற்காக வந்தாள்.

அம்மா குமாஸ்தா தேர்வு எழுதிய காலையில்தான் மேசை தீய்ந்தது. வேலை இந்த நகரத்தில் கிடைத்தது. அதே ஊரிலிருந்து அதே நாளில் இன்னொரு குடும்பமும் இங்கே வந்தது. அந்தக் குடும்பம் வேறு தெருவைச் சேர்ந்தது, முன்பின் பழக்கமில்லை. இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே லாரியில் ஏறின. ஊரில் மேசை செய்கிற ஆசாரி ஒருவர்தான். ஒரே மரம், ஒரே அளவு, ஒரே மாதிரி கால்கள்.

புது வீட்டில் கயிற்றை அவிழ்த்ததும் அம்மா கையால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். தீய்ந்த தடம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லாரி ஆபீஸில் கேட்டால், "பாக்குறோம்" என்றார்கள். அடுத்த மாதம் போனபோது ஆபீஸே இல்லை.

அம்மா தடிமனாக ஒரு விரிப்பு வாங்கி வந்தாள்.

"யாரோ ஒருத்தி இதை நெனச்சு அழுதுக்கிட்டு இருப்பா. வந்து கேக்குற அன்னிக்கு, வந்தது வந்தபடி குடுக்கணும்."

சூடான பாத்திரம் அதன்மேல் வந்ததில்லை. முழங்கை ஊன்றக் கூடாது. அவள் வீட்டுப்பாடத்தைத் தரையில் படுத்துத்தான் எழுதினாள். அந்த வீட்டில் மேசைதான் விருந்தாளி. பதினேழு வருடமாகக் கிளம்பாத விருந்தாளி.

அன்று மாலை, மேசை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்தாள்.

"தடம் இருக்கா?"

"இருக்கும்மா."

"நல்லா வச்சிருக்காங்களா?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். மேசையின் மறு விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கத்திக் கீறல்கள் இருந்தன. பார்த்திருந்தாள். கேட்கவில்லை.

"இருக்கும்மா," என்றாள் மறுபடியும்.

அம்மா நாட்காட்டியைப் பார்த்தாள். அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. அன்றைக்கு மூன்று தோழிகளும் வருகிறார்கள். நர்ஸ் அதற்கடுத்த வாரம் கடல் தாண்டி மகனோடு இருக்கப் போகிறாள். இனிமேல் நாலு பேரும் சேர்ந்து உட்காரப்போவதில்லை.

"அதுக்குள்ள வந்துருமா?"

"வந்துரும்மா. நான் பாத்துக்கிறேன்."

*

மூன்றாம் நாள் அவன் கடைக்கு வந்தான். பெரியவரின் கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றிருந்தது. போட்டுக் கொடுத்தாள். ஐந்தாம் நாள் மறுபடியும் அதே ஸ்க்ரூ. எட்டாம் நாளும்.

"சார், இது தானா கழலல."

"அப்படியா?"

"தலை நசுங்கியிருக்கு. யாரோ பெரிய ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகியிருக்காங்க. லிஃப்டுக்குப் போடுற சைஸ்."

அவன் ஷோகேஸுக்குள் எதையோ உற்றுப் பார்த்தான். "எனக்குமே கண்ணு கொஞ்சம் மங்குற மாதிரி இருக்கு. பாத்துச் சொல்லுங்களேன்."

உட்கார வைத்தாள். எதிரே எழுத்துப் பலகை. கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தான். முறைப்படி இரண்டு கருமணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அளவுகோலோடு குனிந்தாள். அரையடி தூரம். ஒரு நாளைக்கு நாற்பது பேரின் கண்களை இந்தத் தூரத்தில் பார்க்கிறவள். யாருடைய கண்ணும் இதுவரை அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை...

பழுப்புக் கண்கள். ஓரத்தில் சின்னச் சிரிப்பு, அடக்கி வைத்தது.

"எத்தனை?" என்றான்.

"ஆடாம இருங்க."

"நான் ஆடல. ஸ்கேல்தான் ஆடுது."

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். "உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. போய்ட்டு வாங்க."

"அப்ப இந்தக் கடையைத் தாண்டும்போது மட்டும் எதுவுமே சரியாத் தெரிய மாட்டேங்குதே..."

"அதுக்கு நாங்க லென்ஸ் விக்கிறதில்ல."

பக்கத்துக் கவுன்டரில் இருந்த அக்கா தும்மினாள். தும்மல் இல்லை அது.

போகும்போது வாசலில் நின்று சொன்னான், "ஞாயித்துக்கிழமை உங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. மேசையைப் பாத்துக்கட்டும். அடுத்த வாரம் மாத்திக்கலாம். அப்பாவும் சரின்னுட்டார்."

சாலையில் வெயிலும் தூறலும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. அவன் நனைந்துகொண்டே போனான். ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்றாள். நன்றாக நடிக்க வரவில்லை.

*

அம்மா மாடியேறி மூச்சு வாங்கினாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நேரே மேசைக்குப் போனாள். தீய்ந்த தடத்தின்மேல் கையை வைத்தாள். அம்மாவின் முகம் அப்படி இளகி அவள் பார்த்ததே இல்லை.

பிறகு கை நகர்ந்தது. சுற்றி வந்தது. மறு விளிம்பில் நின்றது.

"இது என்ன?"

அம்மா குனிந்து பார்த்தாள்.

"கத்தியால கீறியிருக்கு. ஒண்ணா ரெண்டா... வரிசையா. இந்தப் பக்கம் ஆணி அடிச்ச ஓட்டை. எண்ணெய்க் கறை வேற."

"தையல் மெஷின் வச்ச எடம்மா அது," என்றார் பெரியவர். "என் வீட்டுக்காரி தையல்காரி. கீறினதும் அவதான்."

"அடுத்தவங்க பொருள்னு அவங்களுக்குத் தெரியாதா? நாங்க உங்க மேசை மேல ஒரு டம்ளர் வச்சதில்ல, சார். பதினேழு வருஷம். எம்பொண்ணைக்கூட அதுல எழுத விடல. எங்களுதை வெட்டுப்பலகை ஆக்கிட்டாங்களே அந்த அம்மா."

பெரியவர் எழுந்தார். மெதுவாகத்தான் எழுந்தார்.

"அவ போய் நாலு வருஷம் ஆச்சு. அவளை இந்த வீட்ல வச்சு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது. அவ கைபட்டது இந்த மேசைதான். தர்றதா இல்ல. போய்ட்டு வாங்க."

அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளோ, கீறல்களைப் பற்றி அம்மாவிடம் முன்பே சொல்லாததை நினைத்துத் தலைகுனிந்தாள்.

படியிறங்கும்போது அம்மா சொன்னாள், "கண்ணாடி, கிண்ணாடின்னு இனி இந்த வீட்டுப் படி ஏறாத."

அந்த வாரம் அவன் கடைக்கு வரவில்லை. ஸ்க்ரூ இறுக்கமாகவே இருந்தது போலும். சனிக்கிழமை ஒரு தடவை மட்டும் போன் வந்தது. "அப்பா பிடிவாதம். நானும் அவர்கிட்ட கத்திட்டேன். அது தப்பு. உங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியல." அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் மற்றவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

மறுவாரம் ஒரு நாள் அம்மா திடீரென்று சொன்னாள், "அவங்க மேசையை அவங்க வீட்ல கொண்டுபோய்ச் சேத்துரு."

"அப்ப நம்மளுது?"

"அவங்க தரலைங்கிறதுக்காக நாம வச்சுக்கிட்டா, அவங்களைச் சொல்ல எனக்கு வாய் ஏது?"

"நீதான இனி அந்தப் படி ஏறாதன்ன."

"மேசையோட ஏறு. மேசையோட மட்டும்."

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்களே. எங்க உக்காருவீங்க?"

"தரையில. எங்க முட்டி இன்னும் மடங்குது. நெட்டைக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போடு."

சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

*

வெள்ளிக்கிழமை மழை. மேசையைக் கட்டடத்து வாசலில் இறக்கிவிட்டு வண்டிக்காரர் போய்விட்டார். அவன் கீழே வந்தான். லிஃப்ட் ஓடியது. மேசை அதற்குள் நுழையவில்லை. மூன்று விரற்கடை கூடுதல்.

"ஆள் கூப்பிடவா?"

"வேண்டாம். நான் பிடிக்கிறேன்," என்றாள்.

அவன் முன்னால், அவள் பின்னால். நாலு மாடியும் ஒரு பேச்சும் இல்லாமல் ஏறினார்கள். "இடது பக்கம்", "மெதுவா", இவ்வளவுதான். கோபம் இருந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். இது கோபம் இல்லை. கை நிறைய எதையோ வைத்துக்கொண்டு, இறக்கி வைக்க இடம் தெரியாத மாதிரி.

உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க சார். பதிலுக்கு எதுவும் வேண்டாமாம்."

அவள் விரிப்பை எடுத்தாள்.

பெரியவர் திரும்பினார். கிட்டே வந்தார். மேசை நேற்றுத்தான் ஆசாரி வீட்டிலிருந்து வந்தது போல இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. நீள விளிம்பில் மட்டும் சின்னச் சின்னப் பென்சில் கோடுகள். ஐந்து கோட்டுக்கு ஓர் எண்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"அஞ்சு," என்றார். விரல் நகர்ந்தது. "பத்து... பதினஞ்சு... இருபது..."

அறுபது வரை படித்தார். அறுபதின் மேல் விரல் நின்றது.

"இது அழியவே இல்லியா?"

"அம்மா அழிக்க விடல சார். அவங்க வீட்டுப் பிள்ளை கிறுக்கினதா இருக்கும், அப்படியே இருக்கட்டும்னு சொல்வாங்க. அந்தப் பக்கம் மட்டும் துணி போட்டுக்கூடத் துடைக்க மாட்டாங்க."

"கிறுக்கல் இல்ல பாப்பா. அங்குலம். அவ எழுத்து." விரலால் விளிம்பைத் தடவினார். "துணியை இப்படி நீட்டிப் போட்டு அளப்பா. டேப்பைத் தேட வேண்டியதில்ல பாரு. உங்க மேசை வந்தப்ப, மெருகு போட்டிருந்ததால அதுல பென்சில் பிடிக்கல. கத்தியாலதான் கீறணும். ஒரு வருஷம் அவ கோடே போடல. யாரோடதோ, எப்படிக் கீறுறதுன்னு டேப்பையே கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா. நான்தான் சொன்னேன். வரமாட்டாங்க, கீறிக்கோன்னு. நான்தான்."

அவன் அப்பாவின் தோளில் கை வைத்தான். அவர் தட்டிவிடவில்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் அவள்.

"கோவத்துல யாருக்கு வாய் சரியாப் பேசுது. போனைப் போடு. உங்க அம்மாகிட்ட நான் பேசணும்."

போட்டுக் கொடுத்தாள். பெரியவர் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

"தங்கச்சி... நான் கண்ணாடிக்காரன் பேசுறேன். இல்ல, கண்ணாடி போட்டவன்... ஆமா. வந்துருச்சு. பாத்தேன்." அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டார். "அது பிள்ளை எழுதினது இல்ல. என் வீட்டுக்காரி போட்ட அங்குலக் கோடு... ஆமா, கீறலும் அதுக்குத்தான். ஆமாம்மா... இல்ல, நீ அழாத. உனக்கெப்படித் தெரியும்? எனக்கே பதினேழு வருஷம் கழிச்சுத்தான் அவ எழுத்து திரும்பக் கிடைச்சிருக்கு. நீ வச்சிருந்து குடுத்திருக்க." மறுபடியும் கேட்டார். "உன் மேசை இப்பவே கிளம்புது. கீறலோடதான் வரும்... நானா? நான் அங்க வந்து பொம்பளைங்களுக்கு நடுவுல என்ன பண்ணப்போறேன்... சரி. சரிம்மா, வர்றேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வரணுமாம். அந்தக் கீறல் போட்ட கையைப் பத்தி எல்லாருக்கும் சொல்லணுமாம்." மூக்கை உறிஞ்சினார். "வரும்போது ஒரு நாற்காலியும் கொண்டு வரணுமாம். என்ன தங்கச்சிடா இது."

*

இறங்கும்போதும் அவன் முன்னால்தான். பின்னோக்கி, ஒவ்வொரு படியாகக் காலால் தேடிக்கொண்டு. பாரம் முழுக்க அவன் பக்கம்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் மேசை மாட்டிக்கொண்டது. ஒரு கால் கைப்பிடிக் கம்பிக்குள் போய்விட்டது. அவள் மேலே, அவன் கீழே, நடுவே மேசை. கம்பிச் சன்னல் வழியாகச் சாரல் அடித்தது. அவன் இமையில் ஒரு துளி நின்றது. துடைக்கக் கையில்லை.

"கீழ வச்சுட்டு எடுப்போமா?" என்றாள்.

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும். ஒரு விஷயம் சொல்லணும்."

"மேசையைத் தூக்கிக்கிட்டா?"

"வச்சுட்டுச் சொன்னா கை நடுங்கறது தெரிஞ்சுரும்."

அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"ரெண்டு வாரம் அப்பாகிட்டப் பேசாம இருந்தேன்," என்றான். "மேசைக்காகன்னு அவர் நெனச்சுக்கிட்டார். மேசைக்காக இல்ல. மேசை போனாப் போகுது. அதோட நீங்களும் போயிருவீங்களோன்னுதான்... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குங்கிறது சின்ன வார்த்தை. எனக்கு வேற வார்த்தை தெரியல. நீங்க இல்லாம ஒரு வீட்டை இப்ப என்னால நெனச்சுப் பாக்க முடியல."

கீழே காலடிச் சத்தம். முதல் மாடிக்காரம்மா, மொட்டை மாடித் துணியை எடுக்கப் பக்கெட்டோடு மேலே வந்தாள்.

"தம்பி, கொஞ்சம் வழி விடு. துணி நனையுது."

"ஒரு நிமிஷம்க்கா," என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில்.

அந்த அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நனைஞ்சது நனைஞ்சுருச்சு. நீ சொல்லும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. மேசை நீளத்துக்கு அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான். அரையடி தூரத்தில் எத்தனையோ கண்களைப் பார்த்தாயிற்று. இத்தனை தள்ளியிருந்து இவ்வளவு தெளிவாக எதையும் பார்த்ததில்லை.

"எங்க அம்மாகிட்ட நீங்க பேசக் கூடாது," என்றாள்.

அவன் முகம் விழுந்தது. "ஏங்க?"

"நான்தான் சொல்லுவேன். எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு... அவர் இல்லாம எனக்கும் முடியலன்னு. அதை வேற யாரும் சொல்லி அவங்க கேக்கக் கூடாது."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். இமைத்துளி உருண்டு கன்னத்தில் இறங்கியது. மழைத்துளிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"உங்க பக்கம் கொஞ்சம் சாய்ங்க," என்றாள் அவள். "வீட்டுக்குப் போவோம்."